இரண்டாம் தொட்டியின் குடிகள்

இன்று ஆகஸ்ட் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி ஆறு இருபது. நம் வளாகத்தின் பொது அரங்கில் போட்டிருக்கும் நாற்காலிகள் இருநூறு. அமர்ந்திருப்பவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். எண்ணாமல் பேசுவது என் படிப்புக்கு ஆகாது. ஆனால் எண்ணவே முடியாத ஒரு கூட்டமும் இதே வளாகத்தில் நம்மோடு குடியிருக்கிறது. அவர்கள் சார்பில்தான் பேச வந்திருக்கிறேன். யார் அவர்கள்? கொஞ்சம் பொறுங்கள். இப்போதே சொன்னால் முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

முதலில் முறைப்படி வணக்கம்.

தூய்மையைத் தொண்டாகவும் தூசியைத் துரோகியாகவும் கருதி, தளராத தைரியத்தோடு நம்மைத் தாங்கி நடத்தும் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! பெரிய ரொட்டிக்கூடம் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரராக இருந்து, விடியும் முன் எழுந்து, ஊர் விழிக்கும்போது அதன் பசிக்கு விடை வைத்திருந்த உங்கள் கைகளுக்கு என் முதல் வணக்கம். இனி நான் பேசப்போவது உங்களை எதிர்த்துத்தான் என்பதால், வணக்கத்தில் குறை வைக்க மாட்டேன்.

‘வாழிடம்: சொல்லும் பொருளும் பயனும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்து, புலி, யானை, பனிக்கரடி என்று பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிடுவான் என்று நம்பிய செயலாளர் சார் அவர்களே! மன்னியுங்கள். புலிக்குப் பேச ஆள் நிறைய இருக்கிறது.

அறிவால் நிறைந்து அனுபவத்தால் கனிந்த ஆன்றோர்களே! குழாயில் தண்ணீர் சரியில்லை என்றால் உடனே என்னை நினைக்கும், நல்லவிதமாக நினைக்காத, தாய்மார்களே! அவர்களில் ஒருத்தியாக மூன்றாம் வரிசையில் அமர்ந்து, ‘சீக்கிரம் முடிடா’ என்று இப்போதே கையை ஆட்டும் என் தாயே! பின்மதிலுக்கு அப்பால் நாற்றுப்பண்ணை வைத்து, நம் வளாகத்திலிருந்து போகும் தண்ணீரை நம்பிப் பச்சையை வளர்க்கும் அக்கா அவர்களே!

நிறைவாக, அழைப்பிதழ் கிடைக்காதவர்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், இரைச்சலும் ஈரமும் சூழ்ந்த இரண்டாம் தொட்டியில், உறக்கம் அறியாமல், ஊதியம் கேட்காமல், உண்டு உண்டே உழைக்கும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் குடிமக்களே! உங்கள் அனைவருக்கும் அடக்கமான வணக்கம்!

பின்வரிசையில் ஒருவர், ‘பாக்டீரியாவுக்கு வணக்கம் போடுறான்பா’ என்கிறார். ஆமாம் அண்ணே, போடுகிறேன். நீங்கள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிட்டு வருகிற காரியத்தை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முடித்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஒரு வணக்கத்தில் நீங்கள் தேய்ந்துபோக மாட்டீர்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வரி. நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகிறவன் நான். வளாகத்தில் எனக்குப் பெயர் ‘சாக்கடை இன்ஜினியர்’. என் அம்மாவுக்கு அது பிடிக்காது. சொந்தக்காரர்கள் கேட்டால், ‘பையன் உயிரியல் சம்பந்தமா ஆராய்ச்சி பண்றான்’ என்பாள். அம்மா, இன்று நீ சொன்ன பொய்யை உண்மையாக்கப்போகிறேன்.

எதற்கு இந்தப் பேச்சு? நாளைக் காலை இரண்டாம் தொட்டியைக் காலிசெய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நீலப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள். பவுடர் டிரம்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன. நான் பேசி முடித்ததும், அதற்குச் சம்மதம் கேட்டு உங்களைக் கை தூக்கச் சொல்லப்போகிறார் தலைவர். தூக்காதீர்கள். தூக்கினால் அக்காவின் பண்ணை போய்விடும். அவ்வளவுதான் என் பேச்சு. இனி வருவதெல்லாம் விளக்கம்.

வாழிடம்!

நான்கெழுத்துச் சொல். நாக்கில் எடை தெரியாத சொல். அதனால்தானோ என்னவோ, அதை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

வீடு விற்பவர்களின் விளம்பரத் தாளைப் பாருங்கள். ‘உங்கள் கனவு வாழிடம்’ என்று கொட்டை எழுத்து. படத்தில் ஒரு சோபா, ஒரு பூச்சாடி, யாரும் கடிக்காத ஆப்பிள். மனிதர் உண்டா? இல்லை. வாசலில் செருப்பு உண்டா? இல்லை. கொடியில் காயும் துணி உண்டா, சுவரில் பிள்ளை கிறுக்கிய கிறுக்கல் உண்டா, ‘லைட்டை அணைச்சியா’ என்று கத்தும் குரல் உண்டா? ஒன்றும் இல்லை. வாழ்வதற்கான தடயமே இல்லாத இடத்துக்கு வாழிடம் என்று பெயர்!

பள்ளிக்கூடத்திலோ கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள். மீனின் வாழிடம்? நீர். நிரப்பினோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். நான் கேட்கிறேன்: கடையில் குட்டி மீன் வாங்கினால் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்களே, அதற்குள்ளும் நீர்தானே இருக்கிறது? அது வாழிடமா? அல்லவே அல்ல. அது பயணம். வழியில் நின்று யாருடனாவது அரட்டை அடித்தால், கடைசிப் பயணம்.

அப்படியானால் எது வாழிடம்? உணவு இருக்க வேண்டும். மூச்சு இருக்க வேண்டும். ஒதுங்க ஓர் ஓரம் இருக்க வேண்டும். தன் இனம் பெருகும்வரை யாரும் வந்து கலைக்காத காலம் இருக்க வேண்டும். இந்த நான்கும் அந்த உயிருக்கு எட்டும் தூரத்தில், இன்று இருந்ததுபோலவே நாளையும் இருந்தால், அது வாழிடம். நான்கில் ஒன்று போனாலும் அது வெறும் இடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாழிடம் என்று மொட்டையாகச் சொல்லவே முடியாது. சொன்ன உடனே ஒரு கேள்வி எழ வேண்டும்: யாருடைய வாழிடம்? உங்கள் பட்டுப்புடவை அலமாரி உங்களுக்குப் பெட்டகம், பூச்சிக்கு மாளிகை. நீங்கள் மூன்று நாளாகக் கழுவாமல் போட்டிருக்கும் டிபன் டப்பா உங்களுக்கு வெட்கம், பூஞ்சைக்குப் பூந்தோட்டம். சிரிக்காதீர்கள், என் டப்பாவும் அப்படித்தான் கிடக்கிறது. அழகா, அசிங்கமா என்று பார்ப்பவன் சொல்லலாம். வாழிடமா, இல்லையா என்று வாழ்கிறவன்தான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க மறந்த ஒரே ஒரு நாளில் நமக்கு என்ன நடந்தது? சொல்கிறேன்.

நம் நிலையத்தில் இரண்டு தொட்டிகள். வளாகத்துச் சாக்கடையில் பாதி முதல் தொட்டிக்கு வரும். பாதி இரண்டாம் தொட்டிக்கு. இரண்டிலும் அடியில் குழாய் போட்டு புளோயரால் காற்று ஊதிக்கொண்டே இருப்போம். காப்பிக்கொட்டை நிறத்தில் கசடு கொதிப்பதுபோலப் புரளும். முதல்முறை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குனிந்து முகர்ந்து பார்த்தால் மழையில் நனைந்த மண்ணின் வாசம் வரும். ஏன்? அந்தக் கசடு அழுக்கு அல்ல, உயிர். கோடிக்கணக்கில் உயிர். வருகிற அழுக்கைத் தின்று, காற்றைக் குடித்து, பெருகி, தெளிந்த நீரைத் திருப்பித் தருகிற உயிர். அந்த நீர்தான் உங்கள் கழிப்பறைத் தொட்டிக்கு வருகிறது. மிச்சம், பின்மதில் வழியாக அக்காவின் நாற்றுக்குப் போகிறது.

என் தங்கைக்குப் பிரசவம் என்று விடுப்பில் போனேன். மாமன் ஆன மகிழ்ச்சியில் திரும்பி வருகிறேன். வாசலில் காவலாளி அண்ணன் சல்யூட் அடித்துச் சொன்னார்:

“தம்பி, உங்க தொட்டியைப் போய்ப் பாருங்க. உள்ள குதிச்சு நீச்சல் அடிக்கலாம்போல இருக்கு!”

ஓடினேன். முதல் தொட்டி காலியாகிக் கழுவப்பட்டு, உள்சுவரெல்லாம் வான நீலத்தில் பெயின்ட் அடித்துப் பளபளக்கிறது. கரையில் நம் தலைவர் ஐயா, இடுப்பில் கைவைத்து, பிள்ளையைப் பட்டம் வாங்க வைத்த தகப்பனைப்போல நிற்கிறார்.

“எப்படி இருக்கு? கிண்ணம் மாதிரி இல்ல?”

“ஐயா, உள்ள இருந்ததெல்லாம் எங்கய்யா?”

“எது, அந்தக் கருமமா? லாரியில ஏத்தி அனுப்பிட்டேன். எத்தனை வருஷத்து அழுக்குப்பா அது! நீ ஒரு தடவைகூட கழுவினதில்லையே?”

“கழுவக் கூடாதுய்யா.”

“ஏன் கூடாது?”

“அதுதான்யா வேலை செய்றது.”

“அழுக்கு வேலை செய்யுதா? அப்ப உனக்கு எதுக்குப்பா சம்பளம்?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கும் சுற்றி நின்றவர்கள் இப்படித்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மூன்றாம் நாள் நின்றது. ஏன் நின்றது? வெறும் தொட்டியில் வந்து விழுந்த சாக்கடை, தின்பார் இல்லாமல், தீண்டுவார் இல்லாமல், சாக்கடையாகவே வெளியேறியது. வெளியேறி எங்கே போயிற்று? உங்கள் வீட்டுக்கே வந்தது! ஐந்தாம் மாடி கணக்கு டீச்சர் எனக்குப் போன் செய்தார்கள்:

“தம்பி, ஃப்ளஷ் பண்றதுக்கு முன்னாடி நல்லா இருக்கு. பண்ணினதும் நாறுது. இது எந்த ஊர்க் கணக்கு?”

டீச்சர், நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், கை தட்டுகிறீர்கள். நன்றி. விடை இதுதான்: கழித்தல் கணக்கு. உயிரைக் கழித்துவிட்டோம், நாற்றம் மீதி.

நான் என்ன செய்தேன்? மொத்தச் சாக்கடையையும் இரண்டாம் தொட்டிக்குத் திருப்பினேன். ஓர் ஆள் சுமக்கிற மூட்டையின்மேல் இன்னொரு மூட்டை ஏற்றுவதுபோல ஏற்றினேன். அந்தத் தொட்டி தாங்கியது. முனகியது, நுரைத்தது, ஆனால் தாங்கியது. இன்றைக்கு உங்கள் குளியலறையில் மூக்கைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள் என்றால், அது அந்த ஒரு தொட்டியின் தயவு. அதே சமயம் தலைவர் ஐயா நீலத் தொட்டியை நிறையக் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பி, ‘இதுல ஒரு சொட்டு சாக்கடை விழக் கூடாது’ என்று உத்தரவு போட்டார். வரும் புதன்கிழமை ‘சிறந்த வளாகம்’ போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். இன்றைக்கு அது வளாகத்திலேயே அழகான இடம். நம் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நான் கேட்கிறேன்: யாருடைய வாழிடம் அது? யாருடையதும் இல்லை. ஒரு கொசு வந்து முட்டையிட்டால், நம் அத்தனை உழைப்புக்கும் ஒரே பயனாளி அந்தக் கொசுதான்!

இப்போது மதிலுக்கு அப்பால் வாருங்கள்.

தொட்டியைக் கழுவிய பவுடர்த் தண்ணீர் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டோமா? வழக்கமான வாய்க்காலில்தான் போயிற்று. நான் திரும்பி வந்த மறுநாள் அக்கா மதிலுக்குமேல் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு தட்டு. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்றெல்லாம் அதில் படுத்துக் கிடந்தது. இலை ஓரமெல்லாம் வெளுத்துப்போய், சுண்ணாம்பு தெளித்ததுபோல.

“என்ன தண்ணிடா விட்டீங்க?”

“தொட்டி கழுவின தண்ணிக்கா.”

“கழுவின தண்ணியே இப்படின்னா, கழுவாத தண்ணி எவ்வளவோ தேவலையேடா!”

ஒரே வாக்கியத்தில் முழு ஆய்வறிக்கையையும் முடித்துவிட்டார். அந்தத் தட்டு மட்டுமா? இரண்டு பாத்தியும் போயிற்று. மறுபடி விதைத்தார். இப்போது தக்காளியும் மிளகாயும் இரண்டு இலை விட்டு நிற்கின்றன. பதினைந்து நாள் நல்ல தண்ணீர் கிடைத்தால் வாங்குகிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். நேற்று என்னிடம் சொன்னார். அவர் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்:

“தம்பி, இந்தத் தடவையும் போச்சுன்னா இன்னொரு தடவை விதைக்க மாட்டேன். பண்ணையைப் பிரிச்சுப் போட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க போய் அண்ணி எப்ப சிரிப்பாங்க, எப்ப முறைப்பாங்கன்னு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அது ஒரு பொழப்பா?”

அவையோரே! அண்ணன் வீட்டிலும் உணவு உண்டு. அண்ணன் வீட்டிலும் கூரை உண்டு. கோடிட்ட இடத்தில் ‘அண்ணன் வீடு’ என்று எழுதினால் மதிப்பெண்கூடக் கிடைக்கும். ஆனால் அக்காவின் வாழிடம் எது? கை மண்ணில் இருக்கும் அந்த நாற்பதடிப் பண்ணை. தன் விருப்பப்படி எழுந்து, தன் விருப்பப்படி திட்டி, தன் விருப்பப்படி தண்ணீர் விடுகிற அந்த இடம். அதைத் தாங்கி நிற்பது எது? இரண்டாம் தொட்டி. ஒரு வாழிடத்தின் தோளில் இன்னொரு வாழிடம் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பதைக் கழுவிவிட்டால் மேலே இருப்பது எங்கே போய் நிற்கும்?

அக்காவுக்கு நான் என் நுண்ணோக்கியைக் காட்டினேன். இரண்டாம் தொட்டியிலிருந்து ஒரே ஒரு சொட்டு. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர் துள்ளி எழுந்தார்.

“அய்யய்யோ! மணி மாதிரி ஒண்ணு தண்டுல ஆடுது. டக்குனு சுருங்குது, திரும்ப நீளுது. என்னடா இது?”

“அதுதாங்க்கா நம்ம தொட்டியோட சூப்பர்வைசர். அது ஆடிக்கிட்டிருந்தா தொட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“இவ்வளவு சின்னதுக்கு வாய் எங்கடா இருக்கு?”

“அந்த மணியோட விளிம்புதான் வாய்.”

“என்ன திங்குது?”

“நாம போட்ட மிச்சத்துல வளர்ற பாக்டீரியாவைத் திங்குது.”

“ச்சே, பாவம்.”

“பாவமா? அதுக்கு விருந்துக்கா!”

விருந்து! நமக்கு வீச்சம், அதற்கு விருந்து. நமக்குக் கசடு, அதற்குக் கோட்டை. நமக்கு நரகம், அதற்கு நந்தவனம். இதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைத் திறந்தால் போதும்.

சரி, இதைத் தலைவரிடம் நேரில் சொல்லக் கூடாதா, மேடைதான் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சொன்னேனே! வெள்ளிக்கிழமை மாலை நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் பார்க்க மறுத்துவிட்டார்.

“சாக்கடையைச் சாதாரணமா பார்த்தது பத்தாதா, பெருசாக்கி வேற பார்க்கணுமா? எடுத்துட்டுப் போப்பா. நாப்பது வருஷம் ரொட்டிக்கூடத்தை நடத்தினவன் நான். சுத்தம்னா என்னன்னு நீ எனக்குச் சொல்லித் தராதே.”

அப்போது உள்ளேயிருந்து அம்மா வந்தார்கள். தலைவர் ஐயாவின் வீட்டு அம்மா. இதோ முதல் வரிசையில் புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிக்கிறார்கள். அம்மா, சொல்லிவிடட்டுமா? சரி, தலையாட்டிவிட்டார்கள்.

“யாரு, இவரா சுத்தம் பேசுறாரு? தம்பி, இங்க வா. ஃப்ரிட்ஜைத் திற. அந்த மூலையில ஒரு ஜாடி தெரியுதா? நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அதைக் கழுவ விட்டதில்ல இந்த மனுஷன்!”

திறந்து பார்த்தேன். மூடி வைத்த கண்ணாடி ஜாடி. உள்ளே சாம்பல் நிறத்தில் குழைந்த மாவு. மேலே குமிழி. புளித்த வாடை. ரொட்டிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எடுத்து வந்த பழைய மாவு. அதில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலந்தால்தான் ரொட்டி உப்பும். கொஞ்சம் எடுப்பார், கொஞ்சம் புது மாவு போடுவார், திரும்ப மூடுவார். வெளியூர் போனால்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ‘வேளாவேளைக்கு மாவு போடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

“பெத்த பிள்ளைங்களைக்கூட இவ்வளவு விசாரிச்சதில்ல தம்பி,” என்றார்கள் அம்மா.

நான் திரும்பினேன். ஐயாவைப் பார்த்துக் கேட்டேன்:

“ஐயா, இந்த ஜாடியை யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினா என்ன செய்வீங்க?”

“கையை ஒடிச்சிடுவேன்!”

“அதே கோபம்தான்யா எனக்கும்.”

“எதோட எதை ஒப்பிடுறே? அது மாவு. இது சாக்கடை. ரெண்டும் ஒண்ணா? போ, போ. எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை மேடையில பேசிக்கோ.”

பேசுகிறேன் ஐயா. அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களை அவமதிக்க இதைச் சொல்லவில்லை. உங்களை நம்பித்தான் சொல்கிறேன். இந்த அரங்கில் வாழிடம் என்ற சொல்லை முழுதாக அறிந்தவர் யார்? படித்துப் பட்டம் வாங்கிய நானா? தலைப்பை எடுத்துக் கொடுத்த செயலாளர் சாரா? இல்லை ஐயா, நீங்கள்! அந்த ஜாடிக்குள் இருப்பவர்களுக்கு எப்போது பசிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு குளிர் தாங்குவார்கள் என்று தெரியும். மூடியை இறுக்கினால் மூச்சு முட்டும் என்று தெரியும். எவ்வளவு எடுத்தால் மீள்வார்கள், எவ்வளவு எடுத்தால் மாள்வார்கள் என்று உங்கள் விரல் நுனிக்குத் தெரியும். உணவு, மூச்சு, ஒதுங்கிடம், காலம் என்று நான் இங்கே நான்காகப் பிரித்து முழங்கியதை, நீங்கள் ஒரு கரண்டியால் செய்துகொண்டிருக்கிறீர்கள்!

பாத்திரத்தைக் கழுவினீர்கள், மேசையைத் துடைத்தீர்கள், தரையைத் தேய்த்தீர்கள், ஜாடியைத் தொடவில்லை. ஏன்? மற்றதெல்லாம் உங்கள் இடம். ஜாடி அவர்களுடைய இடம். நாப்பது வருஷம் நீங்கள் கடைப்பிடித்த சுத்தத்தின் முழு இலக்கணமும் அதுதான். எதைக் கழுவ வேண்டும் என்று தெரிந்தவன் பாதிச் சுத்தக்காரன். எதைக் கழுவக் கூடாது என்றும் தெரிந்தவன்தான் முழுச் சுத்தக்காரன். நீங்கள் முழுச் சுத்தக்காரர். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வந்ததும் மட்டும் ஏன் ஐயா பாதியாகிவிட்டீர்கள்?

கேட்கிறேன், இரண்டாம் தொட்டி உங்கள் ஜாடியைவிடப் பெரிய ஜாடி அல்லவா? கேட்கிறேன், அதற்குள் புரள்வதும் பழைய மாவைப்போலப் புதியதை உப்பவைக்கும் உயிர் அல்லவா? கேட்கிறேன், அதைக் கழுவ வருகிறவனின் கையை ஒடிக்க வேண்டிய நீங்களே, பவுடர் டிரம்மை வாங்கி வைக்கலாமா? நாளை அந்தத் தொட்டியும் நீலமாகிவிட்டால், நம்மிடம் இரண்டு அழகான குளங்கள் இருக்கும். ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்காது. புதன்கிழமை நடுவர்கள் வந்து பாராட்டுவார்கள். வியாழக்கிழமை டீச்சர் எனக்குப் போன் செய்வார்கள். வெள்ளிக்கிழமை அக்கா தன் பண்ணையின் நிழல்வலையைக் கழற்றி மடிப்பார்.

கை தட்ட வேண்டாம். நேரமாகிறது, அதோடு...

என்ன ஐயா?

மைக் வேண்டுமா? வேண்டாமாம். என் பக்கம் சாய்ந்து கேட்கிறார். இல்லை ஐயா, காதில் சொல்லாதீர்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். சரி, நானே அப்படியே சொல்கிறேன். தலைவர் கேட்கிறார்:

“நீலத் தொட்டியை மறுபடி உயிராக்கணும்னா, ரெண்டாம் தொட்டியிலேர்ந்து எவ்வளவுப்பா எடுப்பே?”

பாதி எடுக்கலாம் என்று இருக்கிறேன் ஐயா.

“பாதியா? கெட்டுது போ! ஏற்கெனவே ரெண்டு ஆள் வேலை பார்த்துக் களைச்சுக் கிடக்கு. மூணுல ஒரு பங்குக்கு மேல கை வைக்காதே. எடுத்ததையும் மொத்தமா கொட்டிடாம, கொஞ்சம் கொஞ்சமா தீனி போட்டுப் பழக்கு. அவசரப்பட்டா ரெண்டும் போயிடும்.”

அவையோரே, கேட்டீர்களா? இது சங்கத் தலைவரின் குரல் அல்ல. ரொட்டிக்காரரின் குரல்! நான் நினைத்த அளவு தப்பு. அவர் சொல்கிற அளவு சரி. எழுதிக்கொள்கிறேன் ஐயா, மூன்றில் ஒரு பங்கு.

இன்னும் ஏதோ சொல்கிறார். “கை தூக்குற தீர்மானத்தை நான் கொண்டுவரலைன்னு சொல்லிடு.” சொல்லிவிட்டேன். யாரும் கை தூக்க வேண்டாம். தூக்கவிருந்த கையை இப்போது தட்டுவதற்குப் பயன்படுத்தலாம். அக்கா, உட்காருங்கள், அழாதீர்கள். விதைத்தது விதைத்ததாகவே வளரட்டும். முதல் வரிசை அம்மா, ஜாடிக்கு நன்றி.

ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடலாம். அதன் பயனை அப்படித் தேட முடியாது. ஒரு கை ஓங்கும்போது அந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாழிடம் என்ற சொல் இன்று மாலை இந்த அரங்கில் வந்து நின்றது. அதன் பயன் இதுதான்.

தலைப்புத் தந்த செயலாளருக்கும், எதிர்ப்பேச்சுக்கு இடம் தந்த தலைவருக்கும், நாற்காலியை விட்டு எழாத நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கத்தையும் இப்போதே வைத்துவிடுகிறேன். பட்டியல் முடிந்ததும் நான் ஓட வேண்டும். செய்யப்போவது இவை:

1. மேடையை விட்டு இறங்கியதும், வாசலில் இருக்கும் பவுடர் டிரம்களைக் காவலாளி அண்ணனின் அறையில் வைத்துப் பூட்டச் சொல்வேன். சாவி என்னிடம்கூட வேண்டாம்.

2. நாளைக் காலை வரும் ஆட்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன். நீலத் தொட்டியில் நிற்கும் குழாய்த் தண்ணீரை அக்காவின் பாத்திகளுக்கு இறைக்கச் சொல்வேன். அந்தத் தொட்டி செய்யப்போகும் முதல் உருப்படியான வேலை அது.

3. இரண்டாம் தொட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கசடை எடுத்து முதல் தொட்டியில் விடுவேன். தலைவர் ஐயா பக்கத்தில் நின்று அளவு பார்ப்பார். மறுக்க வேண்டாம் ஐயா, ஆசை முகத்தில் தெரிகிறது.

4. தினமும் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பேன். மணி தண்டில் ஆடும்வரை முதல் தொட்டிக்குச் சாக்கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறப்பேன். நடுவில் வெள்ளை நுரை பொங்கும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். எனக்குத் தெரியும்.

5. புதன்கிழமை நடுவர்களுக்கு நீல நிறத்தைக் காட்ட மாட்டேன். நுண்ணோக்கியைக் காட்டுவேன். பக்கத்தில் தலைவர் ஐயாவின் ஜாடியை வைப்பேன். விளக்கம் அவர் சொல்வார். நான் குறுக்கே பேச மாட்டேன்.

6. பரிசு கிடைக்காமல் போனால் வருத்தப்பட மாட்டேன். என் அம்மாவையும் வருத்தப்பட விடமாட்டேன்.

7. மிச்சமிருக்கும் நீலப் பெயின்டில் ஒரு பலகை எழுதி, இரண்டு தொட்டிக்கும் நடுவில் நடுவேன்: ‘இது வாழிடம். கழுவக் கூடாது.’ யாருடைய வாழிடம் என்று யாராவது கேட்டால், வாயால் பதில் சொல்ல மாட்டேன். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்க்கச் சொல்வேன்.